கர்த்தர் பார்த்துக்கொள்வார், கணக்கை யார் பார்ப்பது?



மூன்றாவது மாதத்தில், கர்ப்பப் பதிவு போட எங்கள் காலனிக்கு கிராம சுகாதாரச் செவிலியர் வந்திருந்தார். பெயர், வயது, கடைசியாகத் தலைக்குக் குளித்த தேதி எல்லாம் எழுதியாயிற்று. அடுத்த கட்டத்தில் பேனாவை நிறுத்திக்கொண்டு கேட்டார்: "எஸ்.சி.யா, பி.சி.யாம்மா?"

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"இதுக்குக் கூடவா யோசிப்பீங்க? எதை எழுதினாலும் மாத்திரை ஒண்ணுதான்" என்று அவர் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். ஆனால் யோசிக்கக் காரணம் இருந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நாங்கள் திருக்கழுக்குன்றம் பக்கத்துக் காலனி ஒன்றைச் சேர்ந்தவர்கள். இரண்டு பேர் வீட்டுக்கும் நடுவில் நான்கு வீடுகள்தான். ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள், ஒரே சுடுகாட்டுப் பாதைக்காக அலைந்தவர்கள். எங்களில் கணவர் மூன்று தலைமுறையாகக் கிறிஸ்தவர். அவருடைய சாதிச் சான்றிதழில் கிறித்துவ ஆதி திராவிடர், பி.சி. என்று இருக்கிறது. மனைவி இந்துவாகப் பிறந்து, திருமணத்துக்கு முந்தைய ஆண்டு ஞானஸ்நானம் பெற்றவர். அவருடைய பழைய சான்றிதழில் இந்து ஆதி திராவிடர், எஸ்.சி. என்று இருக்கிறது. ஊர்த் தெருவில் நடந்தால் எங்கள் இருவரையும் ஒரே பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அரசாங்கத்தின் பெட்டியில் மட்டும் நாங்கள் இரண்டு சாதி.

இப்போது ஏழாம் மாதம் நடக்கிறது. கணவர் இறையியல் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. கல்லூரிக் கட்டணத்தையும் விடுதிச் சாப்பாட்டையும் திருச்சபை ஏற்றுக்கொள்கிறது. படிக்கிறவருக்கு மனைவி உண்டு, அவருக்கும் பசிக்கும் என்பது அந்தக் கணக்கில் இல்லை.

கணக்கு நோட்டை அப்படியே சொல்கிறோம். வார இறுதியில் ஒரு கிராம சபையில் ஊழியம் செய்வதற்கு மாதம் 3,000 ரூபாய். மனைவி மாலையில் காலனிப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பதில் 1,800. மாமியாருக்கு நூறு நாள் வேலைக் கூலி, அது வரும்போது. செலவில் முதல் வரி மகளிர் குழுக் கடன், 1,950 ரூபாய். அதைக் கட்டிவிட்டுத்தான் அரிசி, பேருந்து, பால். இருபதாம் தேதிக்கு மேல் முட்டை நின்றுவிடும். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் ஒன்பதுக்குக் கீழே போனதும் செவிலியர் திட்டினார். "கீரை சாப்பிடு, முட்டை சாப்பிடு, பேரீச்சம்பழம் சாப்பிடு" என்றார். அவர் மேல் தப்பில்லை.

இந்த ஏழு மாதத்தில் எங்களைத் தாங்கியது இரண்டு. ஒன்று, அரசு மருத்துவமனையும் டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டமும். 18,000 ரூபாய்; அதில் 14,000 பணம், 4,000 மதிப்புள்ள இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். பணம் தவணை தவணையாகத்தான் வரும், ஆனால் வரும். முக்கியமாக, அந்தப் பணத்துக்கு யாரும் எங்கள் மதத்தைக் கேட்கவில்லை. ஒரு அரசு நினைத்தால் தேவையை மட்டும் பார்த்து உதவ முடியும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இரண்டாவது, பிடி அரிசி. நம் பக்கத்துத் திருச்சபைகளில் பழகியவர்களுக்குத் தெரியும். சோறு வடிக்க அரிசி எடுக்கும் ஒவ்வொரு முறையும் பெண்கள் ஒரு கைப்பிடியைத் தனி டப்பாவில் போட்டு வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அது காணிக்கையாக வரும். நாற்று நட்டும் களை பறித்தும் கூலி வாங்கும் பெண்கள் தங்கள் உலையிலிருந்து எடுத்த அரிசி அது. எங்கள் வயிற்றுப் பிள்ளை வளர்ந்ததில் அந்த அரிசிக்குப் பங்குண்டு. பறட்டை என்ற பெயரில் பாட்டு கட்டிய தியாபிலஸ் அப்பாவு, மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பாடம் நடத்தியவர். ஒரே உலையில் பொங்கி எல்லோரும் சேர்ந்து உண்பதில்தான் திருவிருந்தின் பொருள் இருக்கிறது என்று அவர் வலியுறுத்தினார். வகுப்பில் படித்தபோது அது ஒரு கருத்து. வீட்டில் டப்பாவைத் திறந்தபோதுதான் புரிந்தது.

சரி, மேலே இருப்பவர்கள் என்ன செய்தார்கள்? கல்லூரியில் தம்பதியருக்கான குடியிருப்பு கேட்டோம். இல்லை. பிரசவம் வரைக்கும் சிறு உதவித்தொகை கேட்டோம். பெரியவர் ஒருவர் எங்கள் தோளைத் தட்டி, "விசுவாசம் இருந்தால் கர்த்தர் பார்த்துக்கொள்வார் தம்பி. படிப்பு முடியுமுன்னே இதுக்கு என்ன அவசரம்?" என்றார். அவர் கெட்டவர் இல்லை. எங்களுக்காக ஜெபமும் பண்ணினார். ஆனால் தோழர்களே, கவனியுங்கள். கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று களை பறிக்கும் ஒரு தாய் சொல்லும்போது அவள் கையில் ஒரு பிடி அரிசி இருக்கிறது. நிலமும் கட்டடமும் கல்லூரிகளும் வைத்திருக்கும் ஒரு நிறுவனம் அதையே சொல்லும்போது அதன் கை காலியாக இருக்கிறது. வார்த்தை ஒன்றுதான், பொருள் வேறு.

அரசு சொல்வதும் இதன் மறுபக்கம்தான். 1950 ஆகஸ்ட் 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதியினர் ஆக முடியாது என்றது. 1956-ல் சீக்கியர்களையும் 1990-ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவ, முஸ்லிம் தலித்துகள் இன்றுவரை வெளியே. தமிழ்நாட்டில் ஆதி திராவிடர் நலத்துறையின் கல்வி உதவிகள் சில எங்களுக்குக் கிடைக்கின்றன. இடஒதுக்கீட்டில் மட்டும் பி.சி.யின் 26.5 விழுக்காட்டுக்குள் பலம் வாய்ந்த சாதிகளோடு போட்டி போடவேண்டும். அந்த பி.சி. பட்டியலில் எங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? மதம் மாறி எத்தனை தலைமுறை ஆனாலும் இந்த வகைதான் என்று. தலைமுறை கடந்தும் எங்கள் சாதி அரசுக்கு மறக்கவில்லை. கொடுக்கவேண்டிய இடத்தில் மட்டும் மறந்துபோகிறது.

வேடிக்கை இதோடு முடியவில்லை. இந்து மதத்துக்குத் திரும்பி, சொந்தச் சமூகமும் ஏற்றுக்கொண்டால் எஸ்.சி. தகுதி திரும்பக் கிடைக்கும் என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. போகும்போது தொலைந்த சாதி, வரும்போது எங்கிருந்து கிடைக்கிறது? நடுவில் அது எங்கே இருந்தது? எங்கேயும் போகவில்லை, எங்களோடுதான் இருந்தது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களைக்கூடச் சாதி பார்த்துப் பிரித்த சுவரைக் கேளுங்கள்.

ஊழியத்துக்குப் போகிறவனுக்கு இதில் இன்னும் ஒரு சுமை உண்டு. சபையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் வெளியில் தன் நம்பிக்கையைச் சொல்லாமல் இருந்துவிடலாம். போதகரின் வேலையே சொல்வதுதான். 2025-ல் ஆந்திர உயர் நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு ஒன்று. சாதியைச் சொல்லித் தாக்கினார்கள் என்று ஒரு போதகர் புகார் கொடுத்திருந்தார். பத்தாண்டாகப் போதகராக இருப்பவர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பைக் கோர முடியாது என்று அந்த வழக்கை நீதிமன்றம் ரத்து செய்தது. அடித்தவனுக்கு அவர் யார் என்று தெரிந்திருந்தது. சட்டத்துக்குத்தான் தெரியவில்லை.

இனி எங்கள் வீட்டுக்குள் இரண்டு மாதமாக நடந்த விவாதத்துக்கு வருகிறோம். மனைவி குரூப் 4 தேர்வுக்குப் படித்தவர். அந்தப் பழைய எஸ்.சி. சான்றிதழைக் காட்டினால் வாய்ப்பு அதிகம். வேலை கிடைத்தால் கடன் தீரும், முட்டை நிற்காது. "பேசாம எழுதும்மா, யார் வந்து பார்க்கப்போறா?" என்று உறவினர்கள் அன்போடுதான் சொன்னார்கள். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், கிறிஸ்தவ நம்பிக்கையோடு வாழ்ந்துகொண்டு எஸ்.சி. சான்றிதழ் கேட்பது அரசியல் சாசனத்தையே ஏமாற்றுவது என்ற பொருளில் தீர்ப்பு சொன்னது. அந்தப் பயமும் இருந்தது. ஆனால் நாங்கள் பயத்தினால் முடிவெடுக்கவில்லை.

அந்தச் சான்றிதழைப் பயன்படுத்துவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். பயன்படுத்துகிறவர்களை நாங்கள் குறை சொல்லமாட்டோம். வடமாவட்டக் காலனிகளில் சான்றிதழில் இந்துவாகவும் ஞாயிற்றுக்கிழமை கிறிஸ்தவராகவும் வாழும் எத்தனையோ குடும்பங்கள் எங்கள் சொந்தங்கள். அவர்களை ஏமாற்றுக்காரர் என்கிறவர்கள், தங்களுக்கு உரியதை ஒரு பொய்யின் வழியாகத்தான் பெறமுடியும் என்ற நிலையில் அவர்களை வைத்தது யார் என்று கேட்பதில்லை. நாங்கள் எதிர்ப்பது அந்த நிலையைத்தான். அதை எதிர்க்க எங்கள் இரண்டு பேர் பெயரும் வெளிச்சத்தில் இருக்கவேண்டும் என்று நினைக்கிறோம். இது தியாகம் இல்லை. பிறக்கப்போகும் பிள்ளையிடம் நாளைக்கு ஒரே கதையைச் சொல்லவேண்டும், அவ்வளவுதான்.

இயக்கத் தோழர்கள் சிலர், "நீங்கள் மதம் மாறிப் போனவர்கள், இது உங்கள் சொந்தப் பிரச்சினை" என்கிறார்கள். அவர்களுக்கு ஒரு நினைவூட்டல். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பாபாசாகேப் லட்சக்கணக்கானவர்களோடு பௌத்தம் ஏற்றார். அவரோடு போனவர்களையும் இதே மூன்றாம் பத்திதான் 34 ஆண்டுகள் தடுத்து நிறுத்தியது. மதம் மாறும் உரிமைக்கு விலை வைப்பது, சாதியை விட்டு வெளியேறப் பார்க்கும் ஒவ்வொருவருக்கும் வைக்கும் விலை. 1885-ல் அயோத்திதாசரோடு சேர்ந்து 'திராவிட பாண்டியன்' இதழை நடத்திய ஜான் ரத்தினம் ஒரு போதகர். இந்த இயக்கத்தின் வேரிலேயே நாங்கள் இருக்கிறோம்.

நம் மாவட்ட மண்ணும் இதைச் சொல்லும். செங்கல்பட்டில் ஊழியம் செய்த ஸ்காட்லாந்து மிஷனரி ஆடம் ஆண்ட்ரூ நம் மக்களின் நிலமின்மையைப் பற்றி எழுதினார். ஆட்சியர் திரமென்ஹீர் 1891-ல் அறிக்கை கொடுத்தார். 1892-ல் பஞ்சமி நில ஆணை வந்தது. நூறு ஆண்டு கழித்து அந்த நிலத்தைக் கேட்டுக் காரணையில் போராட்டம் எழுந்தது. 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு தோழர்கள் உயிரிழந்தார்கள். ஒருவர் ஜான் தாமஸ், இன்னொருவர் ஏழுமலை. பெயரைச் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். தோட்டா மூன்றாம் பத்தியைப் படித்துவிட்டு வரவில்லை.

மூன்றாம் பத்தியை எதிர்த்த வழக்கு 2004-லிருந்து உச்ச நீதிமன்றத்தில் கிடக்கிறது. எங்கள் ஊர்ச் சங்கு தீர்த்தக் குளத்தில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சங்கு பிறக்கும் என்பார்கள். 2011-ல் ஒன்று, 2024-ல் ஒன்று என அதற்குள் இரண்டு சங்கு பிறந்துவிட்டது. எஸ்.சி. தகுதியை மதத்திலிருந்து பிரிக்கவேண்டும் என்று ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-லேயே அறிக்கை கொடுத்தது. தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரல் 19 அன்று தீர்மானம் போட்டது. ஒன்றிய அரசு 2022-ல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைத்து, அதற்குக் கால நீட்டிப்பும் கொடுத்தது. ஆணையங்களுக்கு நீட்டிப்பு உண்டு, கர்ப்பத்துக்குக் கிடையாது.

எனவே நாங்கள் கேட்பது இவைதான். ஒன்றிய அரசு மூன்றாம் பத்தியை நீக்கவேண்டும். அதுவரை தமிழ்நாடு அரசு, பி.சி. ஒதுக்கீட்டுக்குள் தலித் கிறிஸ்தவர்களுக்கு உள்ஒதுக்கீடு தரவேண்டும். திருச்சபைகள் இறையியல் மாணவத் தம்பதியருக்கு வீடும், பிரசவ காலத்துக்கு உதவித்தொகையும் தரவேண்டும், கருணையாக அல்ல, எழுதி வைத்த விதியாக. மாணவத் தோழர்கள் உங்கள் கல்லூரிகளில் ஆகஸ்ட் 10 கறுப்பு நாள் கூட்டத்துக்குக் கிறிஸ்தவ மாணவர்கள் மட்டும் வந்துபோகும் நிலையை மாற்றவேண்டும்.

விசுவாசத்தை நாங்கள் விடவில்லை. மரியாளும் நிறைமாத வயிற்றோடு ராயனின் குடிமதிப்புக்குப் பேர் கொடுக்கத்தான் பெத்லகேமுக்கு நடந்தாள். பிள்ளையைத் தேவாலயத்துக்குக் கொண்டுபோனபோது ஆட்டுக்குட்டி வாங்க வசதியில்லாதவர்கள் கொடுக்கும் புறாக் காணிக்கையைத்தான் கொடுத்தாள். எங்கள் கதை வேதத்தில் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் அவளுக்குச் சத்திரத்தில் இடம் கொடுக்காததை எந்தப் பிரசங்கியாரும் விசுவாசப் பரீட்சை என்று நியாயப்படுத்துவதில்லை.

விசுவாசம் எங்கள் சொத்து. அதைக் காட்டி மற்றவர்கள் தங்கள் கடனைத் தள்ளுபடி செய்துகொள்ள முடியாது.

2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சாதியையும் கேட்பார்கள். அப்போது எங்கள் பிள்ளை வீட்டில் தவழ்ந்துகொண்டிருக்கும். கணக்கெடுப்பாளர் பேனாவை நிறுத்திக்கொண்டு கேட்டால் இந்த முறை முகத்தைப் பார்த்துக்கொள்ளமாட்டோம். மதம் கிறிஸ்தவம், சாதி ஆதி திராவிடர் என்று இரண்டையும் சேர்த்தே சொல்லுவோம்.

ஜெய்பீம்.