லோகோ சூப்பர்... ஆனா கால் விறைக்குதே! கஸ்டம் கம்பளி சாக்ஸில் எதைப் பார்க்க வேண்டும்?

கனடாவின் வின்னிபெக் நகரில் ஜனவரி இரவுகளில் வெப்பநிலை மைனஸ் 20 டிகிரிக்குக் கீழே போவது சாதாரணம். அந்தக் குளிரில் நனைந்த காலோடு நின்றால், விரல்களில் ஃப்ராஸ்ட்பைட் எனப்படும் உறைபனிக் காயம் வரலாம். அங்கே பூட்ஸுக்குள் போடும் சாக்ஸ் வெறும் ஃபேஷன் இல்லை, பாதுகாப்பு. ஆனால் அலுவலக டீமுக்கோ கிளப்புக்கோ சொந்த டிசைனில் சாக்ஸ் ஆர்டர் கொடுக்கும்போது, பேச்சு நிறத்திலும் லோகோவிலுமே நின்றுவிடுகிறது. அதுதான் சிக்கல்.

ஏன் கம்பளி?

கம்பளி தன் எடையில் சுமார் 30 சதவீதம் வரை ஈரத்தை உறிஞ்சினாலும், தொட்டால் நனைந்த மாதிரி தெரியாது. பருத்தி வியர்வையில் ஊறியதும் காலோடு ஒட்டிக்கொண்டு குளிரை ஏற்றும். கம்பளியிலும் மெரினோ இழை மெல்லியது என்பதால் அரிப்பு குறைவு.

போட்டோ பிரின்ட் போடலாமா?

ஏமாற்றம் இங்கேதான். நாய்க்குட்டி முகம், டீம் போட்டோ எனப் பளிச்சென்று அச்சிட்டு வரும் சாக்ஸ் பெரும்பாலும் பாலியஸ்டர். வெப்பத்தால் சாயம் ஏற்றும் அந்த முறை கம்பளிக்குச் சரிவராது. கம்பளியில் டிசைனைப் பின்னித்தான் கொண்டுவர வேண்டும்.

ஒவ்வொரு கண்ணியும் ஒரு பிக்சல் மாதிரி. 168 ஊசி மெஷினில், சாக்ஸைச் சுற்றிக் கிடைப்பது மொத்தமே 168 கண்ணிகள். நூல் தடித்தால் இதுவும் குறையும். அதனால் குட்டி எழுத்தும் மெல்லிய கோடும் சிதைந்துபோகும். நிறம் மாறும் இடங்களில் உள்பக்கம் நூல் தளர்ந்து நின்றால், விரல் அதில் மாட்டும். லோகோவைக் கணுக்காலுக்கு மேலே வைத்துவிட்டு, பாதத்தை பிளெய்னாக விடுவதே புத்திசாலித்தனம்.

தடிமனா இருந்தா சூடா இருக்குமா?

எப்போதும் இல்லை. இழைகளுக்கு நடுவே தங்கும் காற்றுதான் சூட்டைக் காக்கிறது. இறுக்கமான பூட்ஸில் தடித்த சாக்ஸைத் திணித்தால் அந்தக் காற்றும் நசுங்கும், ரத்த ஓட்டமும் குறையும். கால் இன்னும் சில்லிடும்! போடப்போகும் பூட்ஸில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்த்த பிறகே தடிமனை முடிவு செய்ய வேண்டும்.

'ஃப்ரீ சைஸ்' என்பதும் ஆபத்தான சுருக்குவழி. பெரிய சாக்ஸ் பூட்ஸுக்குள் மடிந்து கொப்புளம் போடும். சின்னது விரலை இறுக்கும்.

ஆர்டருக்கு முன்...

* கம்பளி எத்தனை சதவீதம்? குதிகால் சீக்கிரம் தேயாமல் இருக்க, கொஞ்சம் நைலான் கலப்பது நல்லதுதான். ஆனால் 'கம்பளி கலந்தது' என்ற வார்த்தையை மட்டும் நம்பக்கூடாது.
* யாருக்கு எந்த அளவு என்று பட்டியல் ரெடியா?
* மெஷினில் துவைக்கலாமா? சாதாரணக் கம்பளி சூடான தண்ணீரில் சுருங்கிவிடும்.
* மொத்த ஆர்டருக்கு முன் ஒரு ஜோடி சாம்பிள் கிடைக்குமா? கிடைத்தால் பூட்ஸோடு ஒருநாள் முழுக்க நடந்து பார்ப்பது அவசியம்.

பூட்ஸ் போட்ட பிறகு லோகோ யார் கண்ணுக்கும் தெரியப்போவதில்லை. காசைக் கொட்ட வேண்டியது படத்துக்கு அல்ல, நூலுக்கு.