நூறு டாலருக்குப் போன பண்டம்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள சான் அன்டோனியோ, 1718-ல் ஸ்பானியர் ஏற்படுத்திய ஊர். மெக்சிகோ சரக்கு வெகுகாலமாகக் கைமாறும் சந்தை. இன்றும் ஊர் ஜனங்களில் பாதிக்கு மேல் ஸ்பானிய மரபினர். 'ஹிஸ்பானிக்' என்பார்கள். இவர்களின் தொழிலுக்குத் தனியாகக் கைகொடுக்க வேண்டுமா என்று அங்கே சிலர் கேட்பதுண்டு. வேண்டும் என்பதே என் கருத்து.

அந்த ஊர்ச் சதுக்கங்களில் மெக்சிகோப் பெண்கள் மேசை போட்டு, விளக்கேற்றி, மிளகாயும் இறைச்சியும் சேர்த்துச் சமைத்து விற்றார்கள். சுகாதார விதி என்று சொல்லி அவர்களை அப்புறப்படுத்தினார்கள். மிளகாய்ப் பொடியைப் பாட்டிலில் அடைத்துப் பெயர் வாங்கியவரோ கெப்ஹார்ட் என்ற ஜெர்மானியர்.

1932-ல் குஸ்தாவோ ஓல்கின் என்ற மெக்சிகோக்காரர் மக்காச்சோள மாவில் சிப்ஸ் போட்டு விற்றுக் கொண்டிருந்தார். செய்பக்குவம், மாவு பிழியும் கருவி, 19 கடைகளின் வாடிக்கை எல்லாவற்றையும் சேர்த்து 100 டாலருக்கு எல்மர் டூலின் என்பவரிடம் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனார். அதுதான் 'பிரிட்டோஸ்'. டூலின் தொடங்கிய கம்பெனி 1961-ல் லேஸ் கம்பெனியோடும், 1965-ல் பெப்சியோடும் இணைந்தது. டூலின் ஏமாற்றினார் என்று நான் சொல்ல வரவில்லை. விலை பேசித்தான் வாங்கினார். (அவர் தாயார் மோதிரத்தை அடகு வைத்துப் பணம் தந்ததாகச் சொல்வார்கள்.) ஆனால் 19 கடைக்குச் சரக்குப் போடுகிறவருக்கு லைனில் எவ்வளவு பணம் நிற்கும் என்பது நமக்குத் தெரியாததா? கைப்பக்குவம் இருந்தும், சுழற்சிக்குப் பணம் இல்லாதவன் கடைசியில் பக்குவத்தைத்தான் விற்பான்.

மெக்சிகோ வணிகர்கள் 1929-லேயே அங்கே தனி வர்த்தக சபை அமைத்தார்கள். அந்நாட்டில் அதுவே முதல் ஹிஸ்பானிக் வணிகர் சபை. 1941-ல் சந்தைக்கு விடிகாலை வரும் விவசாயிகளுக்காக மூன்று மேசை போட்டுத் தொடங்கிய 'மி தியெரா' ஓட்டல் இன்று பெரிய ஸ்தாபனம், அதே குடும்பத்தின் கையில். ஆனால் பாங்கு வாசலில் திரும்பியவர்களுக்குச் சிறுகடன் தர 'அக்சியோன் டெக்சாஸ்' வந்தது 1994-ல்தான்.

ஒரு சமூகத்துக்கு மட்டும் சலுகையா என்கிறார்கள். ரொக்கத்துக்கு விற்றுப் பழகியவனிடம் கணக்குப் புத்தகம் ஏது, ஈடு ஏது? கேட்பது தானம் அல்ல, வட்டியோடு திரும்பும் கடன். சந்தையில் தோரணம் கட்டித் திருவிழா நடத்தினால் கூட்டம் வரும், சரி. அந்தச் செலவில் ஒரு பங்கை எடுத்து, சின்னக் கடைக்காரருக்கு முதல் இரண்டு வருட வாடகையைக் குறைத்து, கணக்கு எழுதவும் சொல்லிக் கொடுக்கட்டும்.