வேலூர்த் தலைப்பாகையும் லூசியானா பள்ளிச் சுவரும்

கொல்கத்தாவின் டாலிகஞ்சில் இளவரசர் அன்வர் ஷா பெயரில் ஒரு பெரிய சாலை இருக்கிறது. அவர் திப்பு சுல்தானின் வழித்தோன்றல். மைசூர் அரச குடும்பம் வங்கத்தில் குடியேற நேர்ந்தது தமிழ் மண்ணில் வெடித்த ஒரு கிளர்ச்சியால். 1799-இல் திப்பு வீழ்ந்தபின் அவருடைய பிள்ளைகளைக் கிழக்கிந்தியக் கம்பெனி வேலூர்க் கோட்டையில் காவலில் வைத்திருந்தது. சென்னைப் படைத்தலைவர் ஜான் கிரடாக், சிப்பாய்கள் நெற்றிக்குறியை அழிக்க வேண்டும், தாடியை மழிக்க வேண்டும், தோல் சேர்த்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும் என்று ஆணையிட்டார். மறுத்தவர்களுக்குச் சவுக்கடி. அடுத்து நம்மைக் கிறிஸ்தவர்களாக்கிவிடுவார்கள் என்ற அச்சம் படையெங்கும் பரவியது. 1806 ஜூலை 10 அதிகாலையில் துப்பாக்கிகள் வெடித்தன. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர், திப்புவின் குடும்பம் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டது.

இதன் இன்னொரு பக்கம் அதிகம் பேசப்படுவதில்லை. கிரடாக்கின் ஆணையில், வங்கத்தில் பணியாற்றிய மிஷனரி வில்லியம் கேரிக்கு எந்தப் பங்கும் இல்லை. ஆனாலும் வேலூருக்குப் பின் பழி மிஷனரிகள் மேல் விழுந்தது. அவருடைய செராம்பூர் பாப்டிஸ்ட் குழுவின் பிரசங்கத்துக்கு அந்த ஆண்டே தடைகள் வந்தன. 1812-இல் கல்கத்தாவில் வந்திறங்கிய அமெரிக்க மிஷனரி அடோனிராம் ஜட்சனையும் வெளியேறச் சொன்னார்கள். அவர் பர்மாவுக்குப் போனார். அதிகாரத்தின் சவுக்கு மதத்தின் பெயரோடு சேர்த்துப் பார்க்கப்பட்டதற்கு, சவுக்கையே தொடாதவர்கள் விலை கொடுத்தார்கள்.

ஜட்சனின் நாட்டுக்கு இது தெரியாத பாடமல்ல. கனெக்டிகட்டில் அரசின் ஆதரவு வேறொரு சபைக்கு இருந்தபோது, டான்பரியின் சிறுபான்மை பாப்டிஸ்ட்கள் அதிபர் ஜெஃபர்சனிடம் முறையிட்டார்கள். திருச்சபைக்கும் அரசுக்கும் இடையில் மதில் வேண்டும் என்று அவர் எழுதியது 1802-இல், அவர்களுக்கு அனுப்பிய பதிலில்தான். இன்று அந்த மதிலை இடிக்க முனைபவர்களில் பாப்டிஸ்ட்களும் இருக்கிறார்கள் என்பது நமக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

அரசுப் பள்ளி வகுப்பறை ஒவ்வொன்றிலும் பத்துக் கட்டளைகளை மாட்ட வேண்டும் என்று அமெரிக்காவின் லூசியானா மாநிலம் 2024-இல் சட்டம் இயற்றியது. அடுத்த ஆண்டு டெக்சாசும் இயற்றியது. வரிவிலக்குப் பெறும் சபைகள் வேட்பாளருக்கு ஆதரவு கேட்கக் கூடாது என்ற 1954-ஆம் ஆண்டுச் சட்டம், வழிபாட்டில் தம் சபையாரிடம் போதகர் பேசுவதைத் தடுக்காது என்று வரித்துறை 2025 ஜூலையில் நீதிமன்றத்தில் கூறியது. இவற்றை ஆதரிப்பவர்கள் மதச் சுதந்திரத்தின் வெற்றி என்கிறார்கள். நாம் அப்படி நினைக்கவில்லை. 2007-இல் அமெரிக்கர்களில் 78 சதவீதம் பேர் தம்மைக் கிறிஸ்தவர் என்றார்கள். இப்போது 62 சதவீதம் என்கிறது பியூ ஆய்வு. சபை ஒரு கட்சியின் கிளையாகத் தோன்றியதும் இதற்கு ஒரு காரணம் என்று சமூகவியலாளர்கள் சிலர் நெடுங்காலமாக வாதிட்டு வருகிறார்கள். லூசியானா சட்டத்தை எதிர்த்து வழக்குத் தொடுத்தவர்களில் பிரெஸ்பிட்டேரியன் போதகர்களும் இருப்பது தற்செயல் அல்ல.

போதகர் அரசியல் பேசவே கூடாதா? பேச வேண்டும். மார்ட்டின் லூதர் கிங் பாப்டிஸ்ட் போதகர்தான். அவர் அநீதியான சட்டத்தை எதிர்த்துச் சிறைக்குப் போனார். தன் வேதத்தை மற்றவர் பிள்ளைகள் மேல் திணிக்கச் சட்டம் கேட்கவில்லை.

தமிழ்நாட்டில் 2002-இல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டத்தைக் கிறிஸ்தவர்கள் வீதியில் இறங்கி எதிர்த்தார்கள். ஒருவர் எதை நம்புவது என்பதில் அரசுக்கு வேலை இல்லை என்பதே அவர்களின் வாதம். 2004-இல் அரசு பின்வாங்கியது. அதே வாதத்தை அமெரிக்காவில் குடியேறிய தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சபைகளிலும் எழுப்ப வேண்டும். வரித்துறை தர முன்வந்த சலுகை வேண்டாம் என்று டெக்சாசிலும் நியூ ஜெர்சியிலும் உள்ள தமிழ்ச் சபைகள், அடுத்த தேர்தலுக்கு முன்பே தீர்மானம் போடட்டும்.