கைக்குள் அடங்கிய கலவா

திருவண்ணாமலை என்றதும் உங்களுக்குக் கார்த்திகை தீபமும் அருணாசலமும்தான் நினைவுக்கு வரும். நான் சொல்லப் போவது அந்தத் திருவண்ணாமலை அல்ல. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் ஒரு சிறு குன்று; மேலே ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயில்; கீழே கோனேரி என்ற குளம். இதற்கும் திருவண்ணாமலை என்றே பெயர். 'தென் திருப்பதி' என்றும் சொல்வார்கள். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் படியில் கால் வைக்க இடம் கிடைக்காது.

கூட்டமில்லாத ஒரு நாள் அந்தக் குளக்கரையில் என் ராஜபாளையத்து நண்பரின் மகனைப் பார்த்தேன். பன்னிரண்டு வயதுப் பையன். கையில் மூடி போட்ட பெரிய வாளி.

"என்னடா தம்பி, வாளியில் என்ன?"

"மீன், மாமா. குளத்தில் விடப் போறேன்."

மூடியைத் திறந்தேன். வெள்ளை உடம்பில் கறுப்புப் பொட்டு வைத்த கலவா மீன் ஒன்று, ஓரடி நீளம், வாளியின் வளைவுக்கு ஏற்ப உடம்பை வளைத்துக் கொண்டு கிடந்தது. கடல் மீன்!

சங்கதி இதுதான். இரண்டு வருஷத்துக்கு முன் வெளியூர்க் கடை ஒன்றில் இந்த மீனைப் பையன் பார்த்தான். அப்போது அது மூன்றே அங்குலம். தலையைக் கீழே சாய்த்து, துடுப்புகளை விசிறி போல் அசைத்து, நாட்டியமே ஆடிற்றாம். "எந்தத் தொட்டியிலும் இருக்கும்" என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். வீட்டில் இருந்த மூன்றடித் தொட்டிக்கு அது வந்து சேர்ந்தது. நாலு மாதத்தில் கூட இருந்த இரண்டு கோமாளி மீன்களையும் காணோம்! பிறகு இறாலும் மீன் துண்டுமாகத் தின்று வளர்ந்தது. இப்போது தொட்டியில் திரும்ப முடியாமல் மூக்கைக் கண்ணாடியில் இடித்துக் கொள்கிறது.

நல்ல வேளை, நான் போனேன். கோனேரி நல்ல தண்ணீர்க் குளம். கடல் மீனின் உடம்பிலுள்ள உப்பு, குளத்து நீரில் இருப்பதைவிட மிக அதிகம். அதனால் செவுள் வழியே நீர் உள்ளே புகுந்து கொண்டே இருக்கும், மீன் தாங்காது. பையன் அதற்கு விடுதலை தர நினைத்தான். கொடுக்க இருந்ததோ சாவு. விஷயம் தெரிந்ததும் அவன் கேட்ட கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. "அது வளர்ந்தது அதன் தப்பா, மாமா?"

அதன் தப்பு இல்லை. அந்த ஜாதிக் கலவா முழு வளர்ச்சியில் 70 சென்டிமீட்டர், அதாவது இரண்டேகால் அடி வரை வரும். வாங்கும்போது அதை யாரும் கேட்கவில்லை. தப்பு அங்கே இருக்கிறது.

ஆகவே, வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்து, அதில் கம்பீரமாக ஒரு பெரிய மீன் உலவ வேண்டும் என்று ஆசைப்படும் நேயர்களே, கடையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி விலை அல்ல. "இது எவ்வளவு பெரிதாகும்?" என்பதுதான். 'தொட்டி அளவுக்குத்தான் மீன் வளரும்' என்று சிலர் சொல்வார்கள், நம்பாதீர்கள். நெருக்கடியிலும் கழிவு நீரிலும் வளர்ச்சி குன்றிய மீன் நோயாளி மீன்.

பெரிய மீனை வளர்ப்பது என்றால் என்ன என்று மண்டபத்தில் உள்ளவர்களைக் கேட்க வேண்டும். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் அங்கே 2010-ல் கடல் விரால் மீனைக் குஞ்சு பொரிக்க வைத்தது. அந்த மீன் ஒரே வருஷத்தில் பல கிலோ எடைக்கு வந்துவிடும். அதற்குக் கடலில் மிதக்கும் கூண்டு வேண்டும். நம் கூடம் போதாது.

சரி, நம் கூடத்துக்கு எது பொருந்தும்? முதலில் தொட்டி. ஐந்தடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்றால் சுமார் 566 லிட்டர் பிடிக்கும். தண்ணீர் மட்டுமே அரை டன்னுக்கு மேல்! மாடி வீட்டுக்காரர்கள் கட்டடம் தெரிந்தவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். லிட்டருக்கு 35 கிராம் வீதம் ஏறக்குறைய 20 கிலோ உப்பு வேண்டும். "தூத்துக்குடி உப்பு மூட்டை போதுமே" என்பீர்கள். போதாது. கடல் நீரில் மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் கலந்திருக்கின்றன; சமையல் உப்பில் அவை தேவையான அளவு இல்லை. இதற்கென்றே தயாரித்த உப்பு கடைகளில் கிடைக்கிறது. நீர் ஆவியாகிக் குறைந்தால் நல்ல தண்ணீர் ஊற்றுங்கள், உப்பு ஆவியாகாது. தொட்டி நிரம்பிய அன்றே மீனை விடாதீர்கள். கழிவிலுள்ள அம்மோனியாவை மாற்றும் நுண்ணுயிர்கள் பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும்.

இனி மீன். ஐந்தடித் தொட்டிக்கு நான் முதலில் சொல்வது மஞ்சள் ஓரா. நீண்ட மூக்கும் பளிச்சென்ற மஞ்சள் உடம்பும் கொண்டது. பத்து அங்குலத்துக்குள் நின்றுவிடும். பாசி தின்னும் சாது. மற்ற மீன்களை விழுங்காது. ஆனால் முதுகு முள்ளில் விஷம் உண்டு. வெறுங்கையால் தொடக் கூடாது.

அடுத்தது பனித்துளி போல் புள்ளி போட்ட அஞ்சாலை. பெரும்பாலும் இரண்டடி, மூன்றடி வரை போவதும் உண்டு. பாறை இடுக்கில் தலையை நீட்டிக் கொண்டு நாள் முழுதும் சாதுவாக இருக்கும். நண்டும் இறாலும் அதற்கு ஆகாரம். அவற்றைக் கூடவே வளர்க்க முடியாது. சிறு சந்து கிடைத்தாலும் வெளியே வந்து விழும். மூடி இறுக்கமாக இருக்கட்டும்.

சிங்க மீனின் அழகில் மயங்காதவர் இல்லை. ஆனால் ஒன்றேகால் அடி வரை வளரும்; வாயில் அடங்கும் மீன் எதையும் விடாது; முள் குத்தினால் துடித்துப் போவீர்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம்.

பெரிய கலவாவில் 'ராட்சதக் கலவா' என்று ஒரு ஜாதி உண்டு. அதையும் கடல் குதிரையையும் 2001-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

வளர்த்தது போதும் என்று தோன்றினால் கடலில் கொண்டு போய் விட்டுவிடலாமே என்றும் ஒரு யோசனை வரும். அதுவும் கூடாது. அமெரிக்காவில் ஃப்ளாரிடா கரையில் 1985-ல் முதன்முதலாகச் சிங்க மீன் தென்பட்டது. வீட்டுத் தொட்டிகளிலிருந்து போனவையே காரணம் என்று கருதுகிறார்கள். இன்று கரீபியன் கடல் முழுதும் அது பரவி, அங்குள்ள குஞ்சு மீன்களைத் தின்று தீர்க்கிறது.

நம் கலவா என்ன ஆயிற்று என்றுதானே கேட்கிறீர்கள்? அன்றே வாளியோடு வீட்டுக்குத் திரும்பினோம். மதுரையில் எட்டடித் தொட்டி வைத்திருக்கும் ஒருவரைத் தேடிப் பிடித்து, பாட்டரியில் ஓடும் காற்றுக் குழாயோடு மீனைக் கொண்டு போய்ச் சேர்த்தோம். தொட்டியில் விட்டதும் அது ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, உடம்பை வளைக்காமல்! பையன் கண்ணைத் துடைத்துக் கொண்டான்.

இப்போது அவன் வீட்டில் ஐந்தடித் தொட்டி தயாராகிறது. போன வாரம் அவனை அழைத்துக் கொண்டு மீன் கடைக்குப் போனோம். கடைக்காரர் வாயைத் திறக்குமுன் அவன் கேட்டான்:

"அண்ணே, இது பெரிசானா எவ்வளவு இருக்கும்?"