மெசின் ரேந்தைக்குப் புள்ளி இல்லையா?



போன வாரம் எங்கள் பாடசாலைக் கைப்பணிக் கண்காட்சிக்கு தரம் 10 பிள்ளை ஒருத்தி வெள்ளை நிறத்தில் வட்டமான டொய்லி ஒன்று கொண்டுவந்தாள். எம்ப்ரொய்டரி மெசினில் போட்ட ரேந்தை. துணியே இல்லை, முழுக்க நூல்தான். எல்லோரும் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். புள்ளி போடும் நேரத்தில் "இது மெசின் செய்த வேலை" என்று ஒதுக்கிவிட்டோம். ஒதுக்கியது நாங்கள்தான், வேறு யாருமில்லை. பிள்ளை எதுவும் பேசவில்லை. மடங்காமல் கொப்பிக்குள் வைத்து எடுத்துக்கொண்டு போனாள்.

பிறகுதான் இதை எப்படிச் செய்வது என்று அவளிடமே கேட்டோம். கேட்டுவிட்டல்லவா புள்ளி போட்டிருக்க வேண்டும்!

தண்ணீரில் கரையும் ஸ்டெபிலைசரை இரண்டு அடுக்காக வைத்து, வளையத்தில் றபான் தோல் மாதிரி இழுத்துப் பூட்ட வேண்டுமாம். தளர்ந்தால் வட்டம் கோணலாகிவிடும். இரண்டு பக்கமும் தெரியும் வேலை என்பதால் மேலே போடும் நூலையே பொபினிலும் சுற்ற வேண்டும். மெசின் முதலில் வலை மாதிரி ஓர் அடித்தையல் போடும். பூவும் இலையும் அதைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும். துணியில் தைக்கிற டிசைனைத் தெரியாமல் போட்டால், கழுவும்போது கோப்பையில் நூல் குப்பைதான் மிஞ்சும். அவளுக்கு முதல் தடவை அதுதான் நடந்தது.

உம்மாவின் மெசினில் வளையம் 10 சென்ரிமீற்றர்தான். அதனால் ஆறு துண்டாகத் தைத்து இணைத்திருக்கிறாள். ஒரு துண்டுக்கு 12,000 தையல் என்றால், நிமிடத்துக்கு 400 ஓடினாலும் அரை மணித்தியாலம். நூல் அறுந்தால், கரண்ட் போனால் கணக்கு வேறு. கடைசியில் ஓரத்தை வெட்டி வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைப்பது. முழுக்க அலசினால் தொய்ந்துவிடும். அலசல் போதாவிட்டால் பிசுபிசுக்கும். கொஞ்சம் மிச்சம் விட்டால் கஞ்சி போட்டது போல விறைப்பாக நிற்கும். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்று எந்த மெசினும் சொல்லித் தராது.

மற்றப் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. காலி, வெலிகமப் பக்கத்தில் பீரலு ரேந்தை பின்னும் பெண்கள் திண்டில் ஊசி குத்தி, மரக் கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டு அங்குலம் அங்குலமாக வளர்க்கிறார்கள். காலிக் கோட்டைக்குள் எங்கள் சமூகத்துப் பெண்களும் டொய்லி பின்னி உல்லாசப் பயணிகளுக்கு விற்றிருக்கிறார்கள். மெசின் ரேந்தையைப் பக்கத்தில் வைத்து "கையால் செய்தது" என்று விற்றால் அவர்களுடைய வயிற்றில்தான் அடி.

அந்தப் பொய்யைச் சொல்வது மெசின் அல்லவே. மெசின் ரேந்தை நேற்று வந்ததும் அல்ல. சுவிட்சர்லாந்தில் ஈசாக் குரோப்லி ஷிஃப்லி எம்ப்ரொய்டரி மெசினைச் செய்தது 1863இல். 1880களில் பட்டுத் துணியில் பருத்தி நூலால் தைத்து, பட்டை மட்டும் இரசாயனத்தில் கரைத்து ரேந்தை எடுத்தார்கள். இந்தப் பிள்ளை செய்ததும் அதே வித்தைதான், இரசாயனத்துக்குப் பதில் பச்சைத் தண்ணீர்.

மேலே காய்ந்து உள்ளே நனைந்திருந்த தானியக் குவியல் பற்றிய ஹதீஸை வகுப்பில் படிப்பிக்கிறோம். அதைக் கண்காட்சி மேசைக்கும் கொண்டுவந்தால் என்ன? மெசினா கையா, டிசைன் சொந்தமா எடுத்ததா, எல்லாவற்றையும் அட்டையில் எழுதி வைக்கட்டும். தன் டிசைன் இணையத்தில் எடுத்தது என்று நாங்கள் கேட்காமலே அவள் சொன்னாள். அதற்குப் புள்ளி குறையும், குறையட்டும். தையல் மெசினில் தைத்த சட்டைக்கு இத்தனை வருடமாகப் புள்ளி போட்டவர்கள்தானே நாங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அன்று முதலிடம் கொடுத்த குரோஷே டொய்லி கையால் பின்னியதுதான். யாருடைய கை என்று நாங்கள் கேட்கவில்லை.

டொய்லியைத் திரும்பக் கொண்டுவரும்படி பிள்ளையிடம் சொல்லியிருக்கிறோம். உம்மா அதை டீப்போவில் விரித்து மேலே பூச்சாடியும் வைத்துவிட்டாராம், எடுத்துத் தர மனமில்லையாம். நாங்களே வீட்டுக்குப் போய்ப் பார்த்துப் புள்ளி போடப்போகிறோம்.