வால்பாறையில் காடு எது?

வால்பாறைக்குச் சுற்றுலா போய் வந்தவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்கள் கிடைக்கும். எங்கே பார்த்தாலும் பச்சை என்பார்கள். யானை, சிறுத்தை ஒன்றும் கண்ணில் படவில்லை என்று குறைப்படவும் செய்வார்கள். பார்த்ததை மறைக்காமல் சொல்லும் பதில்கள்தான் இரண்டும். ஆனால் காடு என்றால் என்ன என்பதில் நமக்குள்ள குழப்பமும் இவற்றில்தான் இருக்கிறது. அதைக் கொஞ்சம் நிதானமாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலில் அந்தப் பச்சை. வால்பாறை மேட்டுநிலம் ஏறத்தாழ 220 சதுர கிலோமீட்டர். 1890-களில் தொடங்கி இங்கிருந்த மழைக்காட்டை வெட்டிக் காப்பி வைத்தார்கள். பிறகு தேயிலை பரவியது. சமவெளியிலிருந்து கங்காணிகள் கூட்டிவந்த ஏழைக் குடும்பங்கள் மலேரியாவுக்கும் குளிருக்கும் உயிரைக் கொடுத்து உருவாக்கிய தோட்டங்கள் இவை. பி.எச். டேனியல் என்ற மருத்துவர் எழுதிய ‘ரெட் டீ’ நாவல், தமிழில் ‘எரியும் பனிக்காடு’, அந்தக் காலத்தைத்தான் சொல்கிறது. இன்று சாலையின் இருபுறமும் விரியும் பச்சையில் பெரும்பகுதி ஒரே ஒரு வகைச் செடி. நடுநடுவே நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். பல்லாயிரம் பேருக்குச் சோறு போடும் தோட்டத்தை இதற்காகக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதைக் காடு என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர், சரிவுகளிலும் ஓடைக்கரைகளிலும் துண்டு துண்டாக மிச்சமிருக்கும் உண்மையான காட்டைப் பார்க்காமலே வந்துவிடுகிறார்.

அந்தத் துண்டுகளில் ஒன்றை, தூரத்திலிருந்தாவது, உற்றுப் பாருங்கள். உயரமாக வளர்ந்து, அடிமரம் நேராக நிற்கும் மரங்களில் வெடிப்பலா இருக்கும். பலா என்று பெயரில் இருந்தாலும் இது டூரியன் பழத்துக்குச் சொந்தம். இதன் பூ விசித்திரமானது. நுனியில் பூக்காமல் கிளைகளின் மேலேயே கொத்துக் கொத்தாகப் பூக்கும். இதழ் கிடையாது, சதைப்பற்றான குழல் மட்டும் உண்டு, உள்ளே தேன். பூக்கும் காலம் மழை ஓய்ந்த மாதங்கள். அப்போது காட்டில் பழுத்த மரங்கள் குறைவு. அதனால் இரவில் பழந்தின்னி வௌவால்களும் மரநாயும் வருகின்றன. பகலில் மலையணிலும் கருமந்தியும் சோலைமந்தியும் வந்து அந்தச் சதைக் குழலைத் தின்கின்றன. நமக்கு இது பூவை நாசம் செய்வது போலத் தோன்றும். ஆனால் தின்னும்போது முகத்திலும் மயிரிலும் ஒட்டும் மகரந்தம் அடுத்த மரத்துக்குப் போகிறது. பாலூட்டிகள் இப்படி வெடிப்பலாவுக்கு மகரந்தம் கடத்துவதைத் தெற்கே களக்காடு–முண்டந்துறைக் காட்டில் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பசித்த மாதத்தில் மரம் சாப்பாடு போடுகிறது; சாப்பிட்டவர்கள் அதற்கு இனப்பெருக்கம் செய்து கொடுக்கிறார்கள்.

இந்த மரத்தோடு அதிகம் பிணைந்தது சிங்கவால் குரங்கு என்று நாம் சொல்லும் சோலைமந்தி. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத குரங்கு இது. வெடிப்பலாவின் பூவை மட்டுமல்ல, முள் மூடிய காயை உடைத்து உள்ளிருக்கும் விதையையும் தின்னும். இயல்பில் இது தரைக்கு அதிகம் வராது. கிளைக்குக் கிளை தாவியே நாளைக் கழிக்கும். அப்படியானால் வால்பாறை நகரத்தை ஒட்டிய புதுத்தோட்டத்தில் இது சாலையைக் கடப்பதும், வீட்டுக் கூரைகளில் ஏறுவதும், குப்பையைக் கிளறுவதும் ஏன்? சாலை மர உச்சிகளைத் துண்டித்துவிட்டது; சிறுத்துப்போன காட்டில் உணவு மரங்களும் குறைந்துவிட்டன. சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் கட்டியிருக்கும் தொங்குபாலங்களைப் போகிற வழியில் பார்க்கலாம். மந்திகள் வண்டியில் அடிபடாமல் கடப்பதற்காகக் கட்டியவை அவை. கூட்டம் சாலைக்கு வரும்போது வண்டிகளை நிறுத்திவைக்கக் காவலர்களும் நிற்கிறார்கள்.

அந்த இடத்தில் வண்டியை ஓரம் கட்டி பிஸ்கட் வீசுகிறவர் இரக்கத்தால்தான் வீசுகிறார். அதன் பலன் என்ன என்று அவருக்கு யாரும் விளக்குவதில்லை. பிஸ்கட் கிடைக்கும் சாலையோரத்திலேயே குரங்கு உட்காரப் பழகுகிறது. அடுத்த வளைவில் வேகமாக வரும் வண்டிக்கு அது தெரியாது. அதோடு, சாலையில் உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் அது காட்டில் பழம் தின்று விதை பரப்ப வேண்டிய நேரம். அடிபட்டுச் சாகும் மந்தியைப் பற்றிச் செய்தி வரும். முளைக்காமல் போன கன்றைப் பற்றி வராது.

வெடிப்பலா ஒரு பருவத்துக்கு உதவுகிறது என்றால், அத்தி இனத்து மரங்கள் ஆண்டு முழுவதும் உதவுகின்றன. ஒரே இனத்து அத்திகள்கூட ஒரே நேரத்தில் பழுப்பதில்லை. இன்று இந்த மரம், அடுத்த மாதம் மலைக்கு அந்தப் பக்கம் இன்னொன்று. இதற்குக் காரணம் ஒரு கடுகளவு குளவி. அத்திக்காயின் சிறு துளை வழியே பெண் குளவி உள்ளே நுழையும். நுழையும்போது பெரும்பாலும் சிறகு ஒடிந்துவிடும். உள்ளிருக்கும் பூக்களுக்கு மகரந்தம் கொடுத்து, முட்டையிட்டு, அங்கேயே சாகும். அதன் பிள்ளைகள் வெளியே வரும்போது அருகில் வேறொரு அத்தி, நுழைவதற்கு ஏற்ற பதத்தில், காத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் குளவியும் இல்லை, அத்தியும் இல்லை. இதனால்தான் காட்டில் எப்போதும் ஏதோ ஓர் அத்தி பழுத்திருக்கிறது. அதை நம்பித்தான் இருவாச்சி குடும்பம் நடத்துகிறது.

இருவாச்சியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பெரிய இருவாச்சி பறந்தால் சிறகடிக்கும் சத்தம் பள்ளத்தாக்கின் மறுபக்கம் வரை கேட்கும். அவ்வளவு பெரிய அலகு இருந்தும் மரத்தைக் குடைந்து பொந்து செய்ய அதனால் முடியாது. கிளை ஒடிந்து, உளுத்து, பல பத்தாண்டுகளில் தானாக உண்டான பொந்து வேண்டும். அப்படிப்பட்ட பொந்து முதிய, பருத்த மரங்களில்தான் இருக்கும். முட்டையிடும் காலத்தில் பெண் அதற்குள் போய், தன் எச்சத்தாலும் உணவு மிச்சத்தாலும் வாசலை அடைத்து, அலகு நுழையும் கீற்று மட்டும் விட்டுக்கொள்ளும். மூன்று மாதத்துக்கு மேல் உள்ளேயே இருக்கும். அந்தக் காலம் முழுவதும் ஆண்தான் தொண்டை நிறைய அத்திப்பழம் கொண்டுவந்து ஒவ்வொன்றாக ஊட்டும். ஆணைச் சுட்டால், பொந்து மரத்தை வெட்டினால், அல்லது சுற்றியிருக்கும் அத்திகளைத் தொலைத்தால், அந்த ஆண்டின் குஞ்சு போய்விடும்.

கைம்மாறாக அது செய்யும் வேலை பெரியது. கருங்குங்கிலியம், காட்டுச் சாதிக்காய் போன்ற மரங்களின் விதை பெரிது. சிறு பறவைகளால் விழுங்க முடியாது. இருவாச்சி பழத்தை முழுதாக விழுங்கி, விதையைத் தூரத்தில் கக்கிவிடும். கருங்குங்கிலியத்தின் பிசினைச் சேகரித்து விற்பது இந்தக் காட்டுப் பழங்குடிகளான காடர்களின் பழைய தொழில். ஆக, ஒரு காடர் குடும்பத்தின் வருமானத்தில் இருவாச்சிக்குப் பங்கு உண்டு. இதை அவர்கள் நன்றாக அறிவார்கள். கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் வாழச்சால் காட்டில் காடர்களே இருவாச்சிக் கூடுகளைக் கண்காணித்துக் காவல் காக்கிறார்கள். எந்த மரத்தில் பொந்து, எப்போது பெண் உள்ளே போகும் என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

இந்தத் தொடர்புகள் எல்லாம் நன்மை மட்டும்தான் செய்யும் என்று நினைத்துவிடக் கூடாது. காப்பித் தோட்டங்களில் நிழலுக்காக ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த மீசாப்சிஸ் என்ற மரம் வேகமாக வளரும், ஏராளமாகக் காய்க்கும். அதன் பழத்தையும் இருவாச்சியும் மரநாயும் தின்கின்றன. விதையைக் காட்டுக்குள் கொண்டுபோய்ப் போடுகின்றன. எந்த விதை உள்நாட்டுக்காரன், எது வெளிநாட்டுக்காரன் என்று பறவை பார்ப்பதில்லை. நாம் ஒரு மரத்தை எங்கே நடுகிறோம் என்பது அதனால் நம் வேலிக்குள் முடிகிற விஷயமாக இருப்பதில்லை.

மரக்கன்று நடும் ஆர்வம் இப்போது எல்லாரிடமும் இருக்கிறது, நல்லதுதான். ஆனால் ஒரே வகைக் கன்றை வரிசையாக நட்டால் கிடைப்பது இன்னொரு தோட்டம். வால்பாறையில் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை என்ற அமைப்பு தேயிலை நிறுவனங்களோடு சேர்ந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சிதைந்த காட்டுத் துண்டுகளைத் திருத்தி வருகிறது. சாலையோரத்தில் விழுந்து வீணாகும் விதைகளைப் பொறுக்கி, நாற்றங்காலில் வளர்த்து, அந்த மண்ணுக்கே உரிய பல பத்து வகை மரங்களைக் கலந்து நடுகிறார்கள். வெடிப்பலாவும் கருங்குங்கிலியமும் அவற்றில் உண்டு. வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும். இருவாச்சிக்குப் பொந்து தரும் வயதை இந்தக் கன்றுகள் எட்டுவதை நட்டவர்கள் பார்க்கப் போவதில்லை. இருக்கிற முதிய மரத்தை வெட்டாமல் விடுவதற்கு ஈடாக எந்த நடவும் ஆகாது என்பதற்கு இதுவே காரணம்.

மரங்களுக்குக் கீழேயும் காடு இருக்கிறது. நடந்து போகிறவர்கள் சபிக்கும் அட்டைகூட ஈரமான சருகு இருந்தால்தான் வாழும். அந்தச் சருகும் அதன் கீழுள்ள மண்ணும்தான் தென்மேற்குப் பருவமழையைப் பிடித்துவைத்து ஓடைகளுக்கு மெல்ல விடுகின்றன. தமிழ்நாட்டில் மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களில் ஒன்றான சின்னக்கல்லாறு இங்கேதான் இருக்கிறது. சோலையாறு அணையின் நீர் பரம்பிக்குளம் போய், அங்கிருந்து சுரங்கங்களும் கால்வாய்களும் வழியாகத் திருமூர்த்தி அணைக்கு வருகிறது. உடுமலையிலும் பல்லடத்திலும் பி.ஏ.பி. (பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம்) வாய்க்காலில் எப்போது தண்ணீர் விடுவார்கள் என்று காத்திருக்கும் விவசாயி வால்பாறைக்கு வந்ததே இல்லாமல் இருக்கலாம். அவர் பயிரும் இந்தக் காட்டோடு சேர்ந்ததுதான்.

இனி அந்த இரண்டாவது குறை, விலங்கு கண்ணில் படவில்லை என்பது. யானைகள் இங்கே பகலில் காட்டுத் துண்டுகளிலும் ஆற்றோர மரக்கூட்டங்களிலும் ஒதுங்கியிருந்து, இருட்டியதும் தேயிலையைக் கடந்து அடுத்த துண்டுக்குப் போகின்றன. ஊருக்குள் யானை புகுந்தது என்று செய்தி எழுதுகிறோம். ஊர் வருவதற்கு முன்பே இருந்த பாதையில்தான் அது நடக்கிறது. உயிரிழப்புகள் பெரும்பாலும், யானை நிற்பது தெரியாமல் இருட்டில் நேருக்கு நேர் போய் நின்றதால் நேர்ந்தவை. இதைப் புரிந்துகொண்ட அதே அறக்கட்டளையினர் 2011 முதல் தொழிலாளர்களுக்குக் குறுஞ்செய்தியில் எச்சரிக்கை அனுப்பினார்கள். மேடான இடங்களில் சிவப்பு விளக்குகள் வைத்து, யானை அருகில் இருந்தால் எரியவிட்டார்கள். விருந்தினர்களை இரவு வேளையில் யானை காட்டக் கூட்டிப்போகிற வழக்கத்தைத் தங்கும் விடுதிகள் நிறுத்த வேண்டும். இப்படி வண்டிகளால் விரட்டப்பட்ட யானை பாதை மாறும். மாறிய இடத்தில் விடியற்காலை வேலைக்குக் கிளம்பும் தோட்டத் தொழிலாளி அதன் முன் போய் நிற்பார்.

அறிவிப்புப் பலகைகள் செய்யாதே என்று மட்டும் சொல்கின்றன. ஏன் என்று நான்கு வரி சேர்த்து எழுதினால், படிக்கிறவர்கள் கேட்பார்கள் என்றே நம்புகிறேன். அதைவிட நல்ல வழி, கூட நடப்பவரிடம் கேட்பது. இதே மலைத்தொடரில் உள்ள டாப்சிலிப்பில் வனத்துறை ஏற்பாட்டில் பழங்குடி வழிகாட்டிகளோடு நடைபோகலாம். அவர்களிடம் புலி எங்கே என்று கேட்பதைக் காட்டிலும், பாதையில் கடிபட்டுக் கிடக்கும் பழத்தைக் காட்டி, இதைத் தின்றது யார், விதை எங்கே போயிற்று என்று கேளுங்கள். கேட்டுக்கொண்டே நடந்தால் அந்தப் பாதையில் வாழும் பல விலங்குகள், கண்ணில் படாமலே, உங்களுக்கு அறிமுகமாகும்.