ஒரு கரை உடைந்தால்



கேரளத்தில் ஆலப்புழையிலிருந்து கைனகரிக்கு அரசினர் படகில் சென்றபோது நாம் கண்ட ஒரு சிறு காட்சி உள்ளத்தைவிட்டு நீங்கவில்லை. புல்லுக்கட்டு ஏற்றிய சிறு வள்ளத்தில் ஒரு மூதாட்டி தனியே துடுப்பு வலித்து எதிரே வந்தார். படகோட்டி உடனே வேகத்தைக் குறைத்தார். பெரிய படகின் அலை சிறிய வள்ளத்தைக் கவிழ்த்துவிடலாகாது அன்றோ? அம்மூதாட்டி கடந்து சென்ற பின்னரே படகு விரைந்தது. பயணிகளுள் ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

பம்பை, அச்சன்கோவில், மணிமலை, மீனச்சில் ஆகிய ஆறுகள் வேம்பநாட்டுக் காயலை அடையும் தாழ்நிலமே குட்டநாடு. அங்குள்ள வயல்களுள் பல கடல் மட்டத்திற்கும் தாழ்ந்தவை. வாய்க்கால் மேலே, வயல் கீழே. இடையில் இருப்பது மண்கரை ஒன்றே. அக்கரையின்மீதுதான் வீடுகளும் இருக்கின்றன. விதைக்குமுன் வயல்நீரைப் பொறி வைத்து இறைத்து வெளியேற்றுவர்.

வாசற்படியில் இறங்கினால் வாய்க்கால்; அதுவே தெரு. இன்று பல ஊர்களுக்குப் பாலமும் சாலையும் வந்துவிட்டன. வராத இடங்களிலோ பள்ளிப் பிள்ளையும், அரிசி மூட்டையும், மணமகளும், சவப்பெட்டியும் படகிலேயே செல்ல வேண்டும். சுற்றிலும் நீர் நிறைந்திருந்தும், குடிநீர் வேறிடத்திலிருந்து வரவேண்டிய வீடுகள் உண்டு. ஒருவர் வாய்க்காலில் எறியும் குப்பை அடுத்தவர் படித்துறையில் போய் ஒதுங்கும்.

அங்குள்ள பங்குத்தந்தை ஒருவர் நம்மிடம் ஒரு நிகழ்ச்சியைக் கூறினார். பாகப்பிரிவினையால் பகைத்த உடன்பிறந்தார் இருவர் பல ஆண்டுகளாகப் பேசுவதில்லை. தாய் மூத்தவன் வீட்டில் இருந்தாள். இளையவனோ அந்தப் படித்துறையில் வள்ளத்தை நிறுத்துவதே இல்லை. நெற்கதிர் முற்றியிருந்த நாளில், ஓரிரவு மூத்தவனது நிலத்தருகே கரை உடைந்தது. உடைப்பு அண்ணன் பக்கம் என்று தம்பி வீட்டில் படுத்திருக்கவில்லை. இடுப்பளவு நீரில் இறங்கி, அண்ணனுக்கு அடுத்தவனாக நின்று, விடியும்வரை மண்மூட்டைகளைக் கைமாற்றினான். உடைப்பு அடைபட்டது.

அன்றே அவர்கள் பேசிவிடவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறன்று தம்பியின் வள்ளம் அண்ணன் படித்துறையில் நின்றது. தாயைக் கைபிடித்து ஏற்றி, திருப்பலிக்கு அழைத்துச் சென்றான். ஏன் வந்தாய் என்று அண்ணனும் கேட்கவில்லை.

இக்கைனகரியில்தான் 1805-ஆம் ஆண்டு புனித குரியாக்கோசு எலியாசு சாவரா பிறந்தார். 2014-இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது. கோவில்தோறும் பள்ளிக்கூடம் வேண்டும் என்று உழைத்தவர் அவர். ஏழைப் பிள்ளைகளின் நண்பகல் உணவுக்காக, ஒவ்வொரு வீடும் சமைக்கும்போது ஒரு பிடி அரிசியை ஒதுக்கிவைக்கச் செய்தவரும் அவரே. ஒரு பிடி அரிசி எவரையும் ஏழையாக்காது. பல வீட்டுப் பிடிகள் சேர்ந்தால் ஒரு பள்ளியே பசியாறும். ஒவ்வொருவரும் தம் பங்குக் கரையைக் காப்பதும் இத்தகையதே.

நம் ஊர்களில் வாய்க்கால் தெருவாக இல்லாதிருக்கலாம். ஆயினும் நாமும் ஒரே கரைக்குள் வாழ்பவர்களே. ஓர் உறுப்புத் துன்புற்றால் உடல் முழுவதும் துன்புறும் என்பது புனித பவுலடிகளின் போதனையன்றோ? அண்டை வீட்டில் கரை உடையும்போது "அது அவர்கள் பாடு" என்று நாம் படுத்துறங்கினால், விடியுமுன் அந்நீர் நம் வயலையும் மூழ்கடிக்கும்.

வீடுதோறும் நாம் பலமுறை சென்றிருக்கிறோம். உடன்பிறந்தாரோடு பேச்சற்ற குடும்பங்கள் எத்தனை என்பதை அறிவோம். அவர்களிடம் நாம் வேண்டுவது பெரிதன்று. முதலில் பேச வேண்டுமென்பதுகூட இல்லை. இந்த ஞாயிறு கோவிலுக்கு வரும் வழியில், அந்த ஒரு வாசலில் சற்று நில்லுங்கள். எஞ்சியதை ஆண்டவர் பார்த்துக்கொள்வார்.